கைதட்ட ஆளில்லாத கூண்டு

2020 மே 9. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரம். சுமார் 15,000 பேர் உட்காரக்கூடிய அரங்கில் நாற்காலிகள் அத்தனையும் காலி. நடுவில் எண்கோண வடிவில் ஒரு கம்பிவலைக் கூண்டு. அதற்குள் கிரெக் ஹார்டி என்ற ஹெவிவெயிட் வீரர், எதிராளி யோர்கன் டி காஸ்ட்ரோவிடம் காலில் உதை மேல் உதை வாங்கிக்கொண்டிருந்தார். கூண்டுக்கு வெளியே மைக் முன்னால் இருந்த முன்னாள் சாம்பியன் டேனியல் கோர்மியே, இந்த உதைகளை ஹார்டி தடுத்தாக வேண்டும் என்று டி.வி. நேயர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

காலி அரங்கல்லவா? கோர்மியேவின் குரல் ஹார்டியின் காதில் தெளிவாக விழுந்தது. அப்படியே தடுக்க ஆரம்பித்தார், ஜெயித்தும் விட்டார். முடிந்ததும் கோர்மியேவுக்கு நன்றி வேறு சொன்னார். வர்ணனையாளர் ஒருவர் தான் வர்ணிக்கும் சண்டைக்கே ஓசியில் கோச் ஆன கூத்து இது.

அந்தத் தேதியில் அமெரிக்காவில் வேறு எந்தப் பெரிய விளையாட்டும் உயிரோடு இல்லை. வீரர் ரூடி கோபேருக்குக் கொரோனா உறுதியானதும் மார்ச் 11 அன்று என்.பி.ஏ. கூடைப்பந்து நின்றது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஓராண்டு தள்ளிப்போனது. விம்பிள்டன் ரத்தானது. மார்ச் 29-ல் தொடங்கவிருந்த நம் ஐ.பி.எல். எப்போது என்றே தெரியாமல் கிடந்தது. அப்போது முதல் ஆளாகக் கடையைத் திறந்தது யு.எஃப்.சி. எனப்படும் 'அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்'. அந்த ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தி முடித்தது.

எப்படி முடிந்தது? நிறுவனத்தின் தலைவர் டானா வைட்டின் பிடிவாதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒப்பந்தக் காகிதத்தில் இருந்தது. மற்ற ஆட்டங்களில் வீரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு பந்தைக்கூட உருட்ட முடியாது. யு.எஃப்.சி. வீரர்களுக்குச் சங்கமே இல்லை. அவர்கள் ஊழியர்களும் இல்லை, ஒவ்வொருவரும் தனி ஒப்பந்தக்காரர். சண்டை போட்டால்தான் காசு. வீட்டில் இருந்தால் ஒன்றும் கிடையாது. ஊரே கதவடைத்த ஆண்டில் இந்தக் கூண்டு மட்டும் திறந்திருந்ததை இந்த ஒரு வரியை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சேவல் சண்டையிலிருந்து 400 கோடி டாலர் வரை

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ், சுருக்கமாக எம்.எம்.ஏ., குத்துச்சண்டை, குஸ்தி, ஜூடோ, தாய்லாந்தின் முவாய் தாய், பிரேசிலின் ஜியு-ஜிட்சு எல்லாம் கலந்த ஆட்டம். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம். கை மூட்டை முறுக்கியோ கழுத்தை இறுக்கியோ 'போதும்' என்று எதிராளியைத் தட்ட வைக்கலாம். அப்படித் தட்டுவதற்கு 'டேப்' என்று பெயர். வழக்கமான சண்டைக்கு 5 நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டத்துக்கான சண்டைக்கு ஐந்து.

1993 நவம்பரில் டென்வர் நகரில் யு.எஃப்.சி.யின் முதல் நிகழ்ச்சி நடந்தபோது எடைப் பிரிவுகள் கிடையாது, விதிகளும் பெயருக்குத்தான். ஒல்லியான ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனத்த ஆட்களையெல்லாம் தரையில் சாய்த்துத் தட்ட வைத்தார். 1996-ல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை 'மனிதச் சேவல் சண்டை' என்று சாடி, தடை செய்யுங்கள் என்று மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். கேபிள் நிறுவனங்கள் ஒதுங்கின. கம்பெனி தரைமட்டத்துக்கு வந்த நேரத்தில், 2001 ஜனவரியில், லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெர்டிட்டா சகோதரர்கள் 20 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார்கள். நிர்வாகத்தை நண்பர் டானா வைட்டிடம் கொடுத்தார்கள். எடைப் பிரிவும் கையுறையும் ஏற்கெனவே வந்திருந்தன; மாநில ஆணையங்களின் மேற்பார்வையும் சேர்ந்து ஆட்டம் ஒழுங்குக்கு வந்தது. 2016-ல், பின்னர் எண்டவர் என்று பெயர் மாறிய குழுமம் அதை வாங்கியபோது விலை சுமார் 400 கோடி டாலர்.

2019-ல் ஒளிபரப்பு உரிமை ஈ.எஸ்.பி.என். கைக்குப் போனது. ஐந்தாண்டுக்கு 150 கோடி டாலர். பதிலுக்கு ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேல் நிகழ்ச்சிகளை நடத்தித் தர வேண்டியிருந்தது. 2020-ன் கதைக்கு இந்த ஒப்பந்தம்தான் அச்சாணி. டிக்கெட் விற்காமல்கூட யு.எஃப்.சி. பிழைத்துக்கொள்ளும். கேமரா ஓடாமல் இருந்தால்தான் ஆபத்து.

நாற்பது வினாடியும் நான்கு நாட்டுப் பயணமும்

ஆண்டு அமர்க்களமாகத்தான் தொடங்கியது. ஜனவரி 18 அன்று லாஸ் வேகஸில் அயர்லாந்தின் கானர் மெக்ரெகர், டொனால்டு செரோனியை 40 வினாடிகளில் வீழ்த்தினார். கிட்டத்தட்ட அணைத்துக்கொள்ளும் தூரத்தில் நின்று, தோள்பட்டையாலேயே செரோனியின் மூக்கை இடித்து உடைத்தது அன்றைய விசேஷம். 19,000 பேர் வந்திருந்தார்கள். டிக்கெட் வசூல் மட்டும் 1 கோடியே 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அடுத்த மாதம் ஹூஸ்டனில் ஜான் ஜோன்ஸ், டொமினிக் ரேயஸை நடுவர்களின் புள்ளிக்கணக்கில் வென்றார். ரேயஸ்தான் ஜெயித்தார் என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு.

மார்ச் 7-க்குள் கொரோனா உலகத்தின் கதவைத் தட்டிவிட்டது. அன்று லாஸ் வேகஸில் பட்டத்தைத் தக்கவைக்க வேண்டியவர் சீனாவின் ஜாங் வெய்லி. சீனாவிலிருந்து நேராக அமெரிக்காவுக்குள் நுழைய வழியில்லை. பயிற்சியை மூட்டை கட்டிக்கொண்டு தாய்லாந்து போனார். அங்கிருந்து அபுதாபி. அப்புறம்தான் லாஸ் வேகஸ். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு போலந்தின் யோவானா யென்ஜெய்சிக்கோடு 25 நிமிடம் அவர் போட்ட சண்டை, பெண்கள் எம்.எம்.ஏ. வரலாற்றின் ஆகச் சிறந்த சண்டை என்று பலரும் சொல்கிறார்கள். கடைசி மணி அடித்தபோது யோவானாவின் நெற்றி வீங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. மூன்று நடுவர்களில் இருவர் ஜாங் பக்கம். அதே இரவின் கடைசிச் சண்டையில் இஸ்ரேல் அடெசான்யாவும் யோயல் ரொமேரோவும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தே நேரத்தைக் கழித்தது தனி வேதனை, அதை விட்டுவிடலாம்.

ஆண்டு முடியும்வரை யு.எஃப்.சி.க்குக் கிடைத்த கடைசி ஜனக்கூட்டம் அதுதான். மார்ச் 14 அன்று பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் கூட்டம் கூடத் தடை வந்துவிட்டதால் காலி அரங்கிலேயே சண்டைகள் நடந்தன. சார்லஸ் ஒலிவெய்ரா, கெவின் லீயின் கழுத்தை இறுக்கித் தட்ட வைத்தபோது கத்திக் கொண்டாட அவருடைய ஆட்களைத் தவிர யாருமில்லை. அடுத்த வாரம் நடக்கவிருந்த லண்டன் நிகழ்ச்சி ரத்தானது.

பழங்குடி நிலத்தில் ஒரு முயற்சி

ஏப்ரல் 18 அன்று புரூக்ளினில் நடப்பதாக இருந்தது ஒரு மகா சண்டை: லைட்வெயிட் சாம்பியன், ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நுர்மகமதோவ், எதிரில் தொடர்ந்து 12 சண்டைகளை வென்றிருந்த டோனி ஃபெர்குசன். இந்த ஜோடிக்கு ஏதோ ராசி சரியில்லை. 2015-ல் முதன்முதலாக முடிவானபோது கபீபின் விலா எலும்பில் அடி. 2016-ல் ஃபெர்குசனுக்கு நுரையீரல் கோளாறு. 2017-ல் எடை குறைக்கப் போய் கபீப் மருத்துவமனையில். 2018-ல் டி.வி. நிலையத்தில் கேபிள் தடுக்கி ஃபெர்குசனின் முழங்கால் போனது. ஐந்தாவது தடவை, உலகமே படுத்துவிட்டது. ரஷ்யாவுக்குப் போயிருந்த கபீப் எல்லை மூடப்பட்டதால் திரும்பி வர முடியவில்லை. ஜஸ்டின் கேத்ஜி மாற்றாக வந்தார். நியூயார்க் மாநிலமும் கையை விரித்துவிட்டது.

எந்த மாநிலமும் இடம் கொடுக்காத நிலையில் டானா வைட் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். கலிஃபோர்னியாவின் லெமூர் என்ற ஊரில் டாச்சி யோகுட் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது. பழங்குடி நிலத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனி அதிகாரம் உண்டு என்பதால் மாநில விளையாட்டு ஆணையம் அங்கே தலையிட முடியாது. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் கவலை தெரிவித்தார். வீட்டில் கொரோனாவால் இரண்டு பேர் இறந்துவிட்டதாக முன்னாள் சாம்பியன் ரோஸ் நமயூனாஸ் விலகினார். வைட் அசையவில்லை. கடைசியில் ஆளுநர் கேவின் நியூசம் பேசியது டிஸ்னியிடம். ஈ.எஸ்.பி.என்.னுக்கு டிஸ்னிதான் முதலாளி. அங்கிருந்து ஃபோன் வந்ததும் ஏப்ரல் 9 அன்று எல்லாம் நின்றது. மாநிலச் சட்டம் எட்டாத இடத்துக்கு ஒளிபரப்பு நிறுவனத்தின் கை எட்டியது!

ஃபெர்குசன் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சண்டையே ரத்தான பிறகும், குறித்த நாளில் எடையை 155 பவுண்டுக்குக் கொண்டுவந்து தராசில் ஏறிக் காட்டினார். எடை குறைப்பது என்றால் சண்டைக்கு முந்தைய சில நாட்களில் உடம்பின் தண்ணீரைச் சுண்ட வைப்பது, உயிரை உலுக்கும் வேலை. மூன்று வாரம் கழித்து ஜாக்சன்வில்லுக்காக மறுபடி அதையே செய்தார். வீம்பா, விசுவாசமா என்று கேட்டால் அவருடைய ரசிகர்களே இரண்டாகப் பிரிவார்கள்.

ஃப்ளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸின் நிர்வாகம், தேசிய அளவில் ரசிகர்கள் உள்ள விளையாட்டுகளை அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் சேர்த்திருந்தது. பால், மருந்து வரிசையில் மல்யுத்தமும்! முதலில் பலனடைந்தது டபிள்யூ.டபிள்யூ.ஈ. அதன் பின்னாலேயே யு.எஃப்.சி. உள்ளே வந்தது. எட்டு நாளில் மூன்று நிகழ்ச்சிகள்.

முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ஜக்காரே சோசாவுக்கும் அவருடைய உதவியாளர்கள் இருவருக்கும் தொற்று உறுதியானது. அவருடைய சண்டை மட்டும் நீக்கப்பட்டது, மற்றவை நடந்தன. கலந்துகொண்டவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில், சுகாதார ஏற்பாடுகளைப் பற்றித் தவறாகப் பேசினால் சம்பளத்தை இழக்க நேரிடும் என்ற ஷரத்து இருந்ததாகச் செய்தி வந்தது. உண்மையைப் பேசுகிறவர்களுக்குப் பயமில்லை என்பது வைட்டின் விளக்கம். அதைச் சோதித்துப் பார்க்க எந்த வீரரும் துணியவில்லை.

சண்டைகள் என்னவோ பிரமாதம். பிரான்சிஸ் ங்கானு 20 வினாடியில் ஜைர்சீனோ ரோசன்ஸ்ட்ரைக்கைச் சாய்த்தார். கேமரூன் நாட்டு மணல் குவாரியில் சிறுவயதில் மண் அள்ளியவரின் கை அது. கூட்டத்தின் இரைச்சல் இல்லாததால் ஒவ்வொரு அடியும் அதன் சொந்தச் சத்தத்தோடு கேட்டது. டி.வி.யில் இதுவரை கேட்டிராத சத்தம். கேத்ஜி ஐந்தாம் சுற்றுவரை ஃபெர்குசனை அடித்து நொறுக்கினார். நடுவர் நிறுத்தும்வரை ஃபெர்குசன் கீழே விழவே இல்லை. 12 வெற்றிகளின் தொடர் அங்கே அறுந்தது. அந்த இரவில் 'சிறந்த சண்டை'க்கான போனஸ் ஆளுக்கு 50,000 டாலர்.

யாருக்கு எவ்வளவு?

மே 30 முதல் யு.எஃப்.சி. தன் சொந்த வீட்டுக்குக் குடிவந்தது. லாஸ் வேகஸில் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே 'ஏபெக்ஸ்' என்ற படப்பிடிப்பு அரங்கம் 2019-ல்தான் திறந்திருந்தார்கள். பெரிய அரங்குகளில் கூண்டின் அகலம் 30 அடி, இங்கே 25 அடி. ஓடி ஒதுங்க இடம் குறைவு என்பதால் சண்டைகள் சீக்கிரம் சூடுபிடித்தன. வாரம் தவறாமல் சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி. யாருக்காவது தொற்று என்றால் வியாழக்கிழமை ஒரு புது ஆள் விமானம் ஏறுவார். ஜூனில் மைக் பெர்ரி என்பவர் தன் காதலியை மட்டும், சுற்றுகளுக்கு இடையில் ஆலோசனை சொல்லும் 'கார்னர்' ஆளாக அழைத்துவந்து, பயிற்சியாளரே இல்லாமல் மிக்கி காலை வென்றார். அந்த ஆண்டுக்கு இதுவும் சகஜமாகிவிட்டது.

கூப்பிட்ட உடனே ஓடிவரக் காரணம் இருக்கிறது. அந்தக் காலகட்டத்தில் புதிதாகச் சேரும் வீரருக்கு வழக்கமான ஒப்பந்தம்: கூண்டில் ஏறினால் 10,000 அல்லது 12,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு மடங்கு. ஆண்டுக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். இதில் பயிற்சியாளருக்குப் பங்கு, மேலாளருக்குப் பங்கு, வரி. ஊரில் ஜிம் எல்லாம் மூடிக்கிடக்கிறது, பயிற்சி கொடுத்துச் சம்பாதிக்கவும் வழியில்லை. பக்கத்தில் 'கண்டெண்டர் சீரிஸ்' என்ற தேர்வுமேடையில் இடம் பிடிக்க நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த நிலையில் 'வரமாட்டேன்' என்று எவர் சொல்வார்?

சொல்லிப் பார்த்தவர்கள் நட்சத்திரங்கள்தான். மே, ஜூன் மாதங்களில் ஜான் ஜோன்ஸ், ஹெவிவெயிட்டுக்கு மாறி ங்கானுவோடு மோத வேண்டுமானால் அதற்கேற்ற சம்பளம் வேண்டும் என்றார். முடியாது என்று வைட் வெளிப்படையாகவே சொன்னார். இருவரும் ட்விட்டரில் சண்டை போட்டார்கள். ஆகஸ்டில் ஜோன்ஸ் தன் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். மெக்ரெகர் ஜூனில் ஓய்வு அறிவித்தார். அவருடைய ஓய்வுகளைக் கணக்கு வைப்பதை ரசிகர்கள் விட்டு நாளாயிற்று. ஹோர்ஹே மஸ்விடால் வருமானத்தில் வீரர்களுக்கு என்ன பங்கு என்று பகிரங்கமாகவே கேட்டார். பட்டச் சண்டை அவரை விட்டு கில்பர்ட் பர்ன்ஸ் கைக்குப் போனது.

கேள்வி நியாயமானதுதான். என்.பி.ஏ.யில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறது. யு.எஃப்.சி.யில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்று வீரர்கள் தொடுத்த வழக்கில் வெளியான கணக்குகள் காட்டின. குத்துச்சண்டை வீரர்களுக்குப் பாதுகாப்பாக அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டம், சண்டை நடத்துபவர் தன் வருமானக் கணக்கை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. எம்.எம்.ஏ.வுக்கு அது பொருந்தாது. பொருந்த வைக்க நாடாளுமன்றத்தில் எடுத்த முயற்சிகள் கரைசேரவில்லை.

தீவு

'ஃபைட் ஐலண்ட்' என்று ஏப்ரலில் வைட் முதன்முதலாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். தனித் தீவு, கடற்கரையில் கூண்டு என்று ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன் போலப் பேசினார். ஜூலையில் அது நிஜமானபோது அந்தத் தீவு அபுதாபியின் யாஸ் தீவாக இருந்தது. ஃபார்முலா ஒன் பாதையும் ஃபெராரி கேளிக்கைப் பூங்காவும் ஏற்கெனவே இருக்கிற இடம். மணலில் ஒரு கூண்டு போட்டிருந்தார்கள், புகைப்படத்துக்கும் பயிற்சிக்கும். நிஜச் சண்டை ஏசி அரங்கில்.

அமெரிக்கர்களுக்கு நாட்டுக்குள் சண்டை போட ஏபெக்ஸ் போதும். சிக்கல், மற்ற நாட்டு வீரர்களை விசா, எல்லைத் தடைகளைத் தாண்டி அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதில். அபுதாபி அரசு ஒரு பகுதியையே வேலிகட்டித் தனிமைப்படுத்திக் கொடுத்தது. வெவ்வேறு நாடுகளிலிருந்து தனி விமானங்கள். கிளம்பும் முன் பரிசோதனை, இறங்கியதும் பரிசோதனை, ஹோட்டல் அறையில் அடைப்பு, மறுபடி பரிசோதனை. ஜூலை 11 முதல் 25 வரை நான்கு நிகழ்ச்சிகள். அமெரிக்க இரவு நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, முக்கியச் சண்டைகள் அபுதாபியில் விடியற்காலையில் நடந்தன. சாம்பியன்கள் நடுராத்திரியில் எழுந்து காலை டிபன் நேரத்தில் அடிவாங்கினார்கள்.

செப்டம்பர் 19 அன்று மும்பை இந்தியன்ஸும் சென்னை சூப்பர் கிங்ஸும் அதே அபுதாபியில் ஐ.பி.எல்.லைத் தொடங்கியபோது நம் வீடுகளில் 'பயோ-பபுள்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே அந்த நகரம் அதற்கு ஒத்திகை பார்த்திருந்தது.

தீவின் முதல் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு கில்பர்ட் பர்ன்ஸுக்குத் தொற்று. சாம்பியன் கமாரு உஸ்மானின் பட்டத்துக்கு எதிராளி இல்லை. யாரைக் கூப்பிடுவது? சம்பளத் தகராறில் ஒதுக்கி வைத்திருந்த மஸ்விடாலையே! பேரம் பேச இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்காது. ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஆறே நாள் அவகாசத்தில், எடையைக் குறைத்து, உலகத்தின் மறுபக்கம் பறந்து, ஐந்து சுற்று நின்று தோற்றார். வீட்டிலிருந்து பார்க்க ஒருவர் 65 டாலர் கட்டிய அந்த நிகழ்ச்சியை 13 லட்சம் பேர் வாங்கியதாகச் சொல்லப்பட்டது. சங்கம் இல்லாத ஆட்டத்தில் ஒரு வீரருக்கு எப்போது பலம் வருகிறது என்பதற்கு மஸ்விடாலின் அந்த ஒரு வாரமே சாட்சி: வேறு ஆள் கிடைக்காத நாளில் மட்டும்.

இதே தீவில்தான் கம்ஸாத் சிமாயேவ் என்ற பெயரை உலகம் முதன்முதலில் கேட்டது. செச்னியாவில் பிறந்து ஸ்வீடனில் குடியேறிய குஸ்திக்காரர். ஜூலை 15 அன்று ஜான் பிலிப்ஸைத் தரையோடு தரையாக அழுத்தி முடித்தார். பத்தே நாளில், அதுவும் வேறு எடைப் பிரிவில், ரீஸ் மெக்கீ. செப்டம்பர் 19 அன்று ஜெரால்டு மீர்ஷேர்ட்டை ஒரே குத்தில், 17 வினாடியில். வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் இந்த மூன்று சண்டைக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். ஆள் பற்றாக்குறையும் காலி அட்டவணையும் ஒருவரை இரண்டு மாதத்தில் நட்சத்திரமாக்கின.

கபீப்

அந்த ஜூலை மூன்றாம் தேதி, அப்துல்மனாப் நுர்மகமதோவ் மாஸ்கோ மருத்துவமனையில் காலமானார். வயது 57. கொரோனாவோடு இதயக் கோளாறும் சேர்ந்துகொண்டது. கபீபுக்கு அவர் தந்தை, முதல் குரு. தாகெஸ்தான் மலையூரில் வீட்டையே குஸ்திப் பள்ளியாக்கி, மகனோடு ஊர்ப் பிள்ளைகள் பலரையும் வளர்த்து ஆளாக்கியவர். சிறுவன் கபீப் கரடிக்குட்டியோடு கட்டிப் புரளும் பழைய வீடியோவைப் பார்க்காத எம்.எம்.ஏ. ரசிகர் இருக்க முடியாது. அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் அவர்தான்.

அக்டோபர் 24 அன்று அபுதாபியில் கபீப், கேத்ஜியை எதிர்கொண்டார். 28 சண்டை, 28 வெற்றி. தந்தை இல்லாமல் போடும் முதல் சண்டை. பயிற்சியின்போது கால் விரல் ஒன்று முறிந்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. இரண்டாம் சுற்றில் கேத்ஜியைக் கீழே கொண்டுவந்து, கால்களால் கழுத்தைப் பூட்டி 'ட்ரையாங்கிள்' போட்டார். கேத்ஜி தட்டினார், நடுவர் கவனிக்கப் பிந்தினார், அதற்குள் கேத்ஜி நினைவிழந்தார். கையை முறுக்கியிருந்தால் இன்னும் எளிதாக முடிந்திருக்கும். கேத்ஜியின் பெற்றோர் கண் முன்னால் அவர் கையை உடைக்க கபீபுக்கு மனம் வரவில்லை என்று நண்பர் கோர்மியே பின்னர் சொன்னார்.

கூண்டின் நடுவில் முகம் பொத்தி கபீப் அழுதார். எழுப்பிவிட்டவர்களில் கேத்ஜியும் ஒருவர். கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தார். அப்பா இல்லாமல் இனி சண்டை இல்லை, இதுவே கடைசி என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். 29-0. வயது 32. முப்பதாவது சண்டைக்கு வைட் எவ்வளவோ தூது விட்டும் அவர் அசையவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் வரை காத்திருந்து, பிறகுதான் பட்டத்தை வேறு ஆளுக்குத் திறந்துவிட்டார்கள். 2020-ல் யு.எஃப்.சி.யிடம் 'வரமாட்டேன்' என்று சொல்லி அதில் நிலைத்து நின்ற பெரிய பெயர் இது ஒன்றுதான். அவரால் முடிந்தது, அவருக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை.

டிசம்பர்

அக்டோபர் கடைசியில், பிரேசிலின் ஆண்டர்சன் சில்வா தன் 45-ஆவது வயதில் யூரியா ஹாலிடம் தோற்று யு.எஃப்.சி.யிலிருந்து விடைபெற்றார். ஒரு காலத்தில் தொடர்ந்து 16 சண்டைகளை அங்கே வென்றவர். எழுந்து நின்று வழியனுப்ப ஏபெக்ஸில் ரசிகர்கள் இல்லை. தன்னை வென்றதற்காக மன்னிப்புக் கேட்டு அழுத ஹாலை அவர்தான் தேற்றினார்.

நவம்பர் 21 அன்று ஃப்ளைவெயிட் சாம்பியன் டெய்வசன் ஃபிகெய்ரெடோவும் மெக்சிகோவின் பிராண்டன் மொரேனோவும் தனித்தனிச் சண்டைகளில் வென்றார்கள். வேறு பட்டச் சண்டைகள் கைவிட்டுப் போனதால், 21 நாளில் இருவரையும் ஒருவரோடொருவர் மோத விட்டார்கள். டிசம்பர் 12 அன்று நடந்தது அது. முந்தைய இரவு வயிற்றுக் கோளாறால் ஃபிகெய்ரெடோ மருத்துவமனைக்குப் போய் வந்ததாக வைட் சொன்னார். அந்த நிலையில் ஐந்து சுற்று, டிரா. அதே மேடையில் கெவின் ஹாலண்ட், முதுகு தரையில் இருந்த நிலையிலிருந்து எழும்பிக் குத்தி ஜக்காரே சோசாவைச் சாய்த்தார். மே மாதம் முதல் ஹாலண்டுக்கு அது ஐந்தாவது வெற்றி. மே மாதம் தொற்றோடு திருப்பி அனுப்பப்பட்ட அதே ஜக்காரேவுக்கு அப்போது வயது 41. ஃபெர்குசனும் அன்று ஒலிவெய்ராவிடம் தோற்றார். முதல் சுற்றின் கடைசி வினாடிகளில் கை மூட்டு பின்பக்கம் வளைந்தபோதும் அவர் தட்டவில்லை.

சிமாயேவ் டிசம்பர் 19 அன்று லியோன் எட்வர்ட்ஸோடு மோதுவதாக இருந்தது. முதலில் எட்வர்ட்ஸுக்குத் தொற்று, பிறகு சிமாயேவுக்கே. நுரையீரலைப் பிடித்த நோய் விடவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் இருமிய ரத்தத்தின் படத்தை இணையத்தில் போட்டு ஓய்வு பெறுகிறேன் என்று எழுதும் அளவுக்குப் போனார். அமெரிக்காவில் வைத்தியம் பார்த்து, 2021 அக்டோபரில்தான் கூண்டுக்குத் திரும்பினார். அதுவும் அபுதாபியில்.

வருடக் கடைசியில் வைட், சுமார் 60 வீரர்கள் வெளியேற்றப்படலாம் என்று அறிவித்தார். மார்ச்சில் பட்டத்துக்கு மோதிய யோயல் ரொமேரோவும் போனவர்களில் ஒருவர். அலுவலக ஊழியர் ஒருவரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று அந்த ஆண்டு முழுக்க அவர் பெருமையாகச் சொல்லிவந்தார். இரண்டும் முரண்படவில்லை. வீரர்கள் ஊழியர் கணக்கில் வருவதில்லை.

டிசம்பர் 10 அன்று நெவாடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்டு பௌல்வேர் ஒன்றைத் தெரிவித்தார். குங் லே, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் ஆகிய முன்னாள் வீரர்கள் 2014-ல் தொடுத்த வழக்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சார்பான கூட்டு வழக்காக ஏற்கப் போவதாகச் சொன்னார். போட்டி நிறுவனங்களை ஒழித்து, நீண்ட ஒப்பந்தங்களில் வீரர்களைக் கட்டிப்போட்டுச் சம்பளத்தை யு.எஃப்.சி. அமுக்கியது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. 33.5 கோடி டாலருக்கு முதலில் வந்த சமரசத்தை நீதிபதியே தள்ளுபடி செய்தார். பிறகு 37.5 கோடி டாலருக்கு முடிவானதை 2025-ல் ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பணம் 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை சண்டை போட்டவர்களுக்கு உரியது. காலி அரங்கிலும் ஏபெக்ஸிலும் யாஸ் தீவிலும் இறங்கியவர்களின் காலம் அதற்குள் வராது. அவர்களுக்கான வழக்கு தனி, 2021-ல் தொடுக்கப்பட்டது.